முனை தேய்ந்த சத்தம்

இதனால் நம் வீட்டாருக்கும், மாடியில் குடியிருக்கும் வாத்தியார் குடும்பத்துக்கும், எதிர்வீட்டு நாய்க்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், போன வாரம் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி முதல் நம் வீட்டு டிவியின் சத்தம் நாற்பத்திரண்டிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. இது தற்காலிக ஏற்பாடு அன்று. ரிமோட் வைத்திருப்பவர் முழுச் சுயநினைவோடும், எவருடைய மிரட்டலுக்கும் பணியாமலும் எடுத்த முடிவு. இத்தனை வருஷம் ஏற்பட்ட இடைஞ்சலுக்கு நிர்வாகம் வருந்தவில்லை. அந்த இடைஞ்சல் நிர்வாகத்தின் காதில் விழவே இல்லை.

விஷயம் உனக்குத் தெரியும், தம்பி. தர்மபுரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காது டாக்டரிடம் உட்கார வைத்தவன் நீதான். முப்பது வருஷம் லேத்துக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் நின்ற காது இப்படித்தான் ஆகும் என்று அவர் சொன்னார். நான் "என்னங்க?" என்றேன். அவர் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். நான் மறுபடியும் "என்னங்க?" என்றேன். இரண்டாவது தடவை எனக்கு நன்றாகவே கேட்டது. அவர் தொண்டை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேன், அவ்வளவுதான். நீ என் காலை மிதித்தாய். வயது ஐம்பத்துநான்கு, புத்தி பதினேழு என்று உன் அம்மா போடும் கணக்கு தப்பில்லை. காதில் கருவி ஏறியது, நம் லேத்துக் கடைச் சாவி உன் கைக்கு வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் வீட்டில் எனக்கு இப்போது எல்லாம் கேட்கிறது, என்னைத்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அடுத்த அறையில் படுத்திருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நேரில் பேச உட்கார்ந்தால் நான் பாதியில் ஒரு ஜோக் அடித்துவிடுவேன், நீ சிரித்துவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். மூன்று நாளாக அப்படித்தான் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். உனக்கு மட்டும் சொன்னால் போதாத விஷயம் இது. ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கடைக்கு ஒருவர் வேலை கேட்டு வந்தார். பெயர் ஆரோக்கியம். ஆள் மட்டும் ஒல்லி, முழங்கால் வேறு சரியில்லை. மாரண்டஹள்ளிக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஓசூரில் அவர் வேலை பார்த்த கம்பெனி வேறு ஊருக்கு மாறுகிறது. இருபத்திரண்டு வருஷமாக விடிவதற்குள் பஸ் ஏறி ஓசூர் போய்த் திரும்பிய மனிதருக்கு, பக்கத்திலேயே இருக்கும் நம் கடையில் ஒரு மெஷின் கிடைத்தால் மீதி வருஷங்களை அதிக அலைச்சல் இல்லாமல் ஓட்டிவிடலாம். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். நீயும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ஷாஃப்ட் ஆர்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாய். அவர் கொண்டுவந்த ஃபைலைப் புரட்டினாய், சிஎன்சி மெஷினில் எத்தனை வருஷம் என்று மரியாதையாகத்தான் கேட்டாய். முதன்முதலில் எந்தக் கடையில், எந்த வருஷம் வரை வேலை பார்த்தார் என்ற இடத்துக்கு வந்ததும் உன் முகம் மாறிவிட்டது. ஃபைலை மூடி அவர் பக்கம் தள்ளினாய்.

"மன்னிச்சுக்குங்க. நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் இன்சர்ட் டப்பாவை எண்ணிக்கிட்டு நிக்க என்கிட்ட ஆளில்லீங்க."

அவர் ஃபைலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். இதற்கு முன்னால் என்றால், கேட்காத மாதிரி எங்காவது பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். புதுக் கருவி காதில் இருந்தது. அந்த வசதியும் போய்விட்டது. நான் பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு, இதே வேலைக்குக் கேட்டிருந்த கிருஷ்ணகிரிப் பையனை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன் என்று நீ சொன்னாய். இன்றைக்குப் புதன். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

உன்மேல் கோபமில்லை. நீ சொன்னது நான் சொல்லிக்கொடுத்ததுதான். உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் ஆரம்பித்து அரூரில் உன் சின்ன அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வரை, பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் "மாமா, அந்தக் காதுக் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். நானும் ஏதோ வற்புறுத்தலுக்கு இணங்குகிறவன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொள்வேன். பாலக்கோடு ரோட்டில் நான் செட்டராக, அதாவது மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவனாக, இருந்த கடை. புதிதாக வந்த சிஎன்சி மெஷின், கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே வெட்டுவது. ஓசூர் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, ஷாஃப்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் நாற்பதடி தள்ளி வாசலில் டீக் கிளாசோடு நிற்கிறேன். மெஷினுக்கு முதுகு. திடீரென்று தலையைச் சாய்க்கிறேன், கண்ணை மூடுகிறேன், "நிறுத்து, முனை போச்சு" என்று கத்துகிறேன். மெஷின் நிற்கிறது. இரும்பை வெட்டும் இன்சர்ட்டைக் கழற்றிப் பார்க்கிறார்கள், முனை தேய்ந்து கிடக்கிறது. ஷாஃப்ட் தப்பிக்கிறது. புது டப்பாவிலிருந்து எடுத்த இன்சர்ட் எப்படித் தேயும் என்று முதலாளி டப்பாவைக் கொட்டுகிறார். புது இன்சர்ட்டைத் திருடிவிட்டுப் பழையதை உள்ளே வைத்த ஆபரேட்டர் அன்று சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். இன்ஸ்பெக்டர் என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் உன் சின்ன அத்தை எப்போதும் கை தட்டுவாள்.

அந்தக் கதையின் ஆபரேட்டர்தான் ஆரோக்கியம்.

சின்ன அத்தைக்கு இன்சர்ட் என்றால் தோசைக்கல்லா, இட்லித்தட்டா என்று தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. கார்பைடு. நடுவில் திருகு போட ஓட்டை, சுற்றி மூலைகள். சுழலும் இரும்பில் இந்த மூலை பட்டால் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழும். எங்களிடம் இருந்தது சாய்சதுரம். மேலே இரண்டு, திருப்பிப் போட்டால் கீழே இரண்டு, ஆக நாலு மூலைக்கு வெட்டும் கூர். ஒரு மூலை தேய்ந்தால் திருப்பி அடுத்த மூலை. நாலும் தேய்ந்தால் பழைய டப்பாவுக்குப் போக வேண்டும், எடைக்கு வாங்க ஆள் வருவான். எந்த மூலை ஓடியது, எது ஓடாதது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதனால் ஓடிய மூலைமேல் ஒரு பொட்டு வைப்போம். ஸ்டெயின்லஸுக்கு வரும் இன்சர்ட் கறுப்பு, மார்க்கர் எழுதினால் தெரியாது. நான் உன் அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுபோய் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தேன். பாட்டில் என் டிராயரில் இருக்கும், பக்கத்தில் அதைத் துடைக்கிற தின்னரும் இருக்கும். கல்யாணத்துக்குப் போகும்போது பாலிஷைக் காணோம் என்று அவள் தேடிய பாட்டில்கள் எல்லாம் நாட்டின் உற்பத்திக்குப் பயன்பட்டன என்பதை இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

புது டப்பா என்றால் அதில் புது இன்சர்ட்தான் இருக்கும் என்பது கடையில் எழுதாத சட்டம். ஆபரேட்டர் அதை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். எடுப்பான், மாட்டுவான், ஓட்டுவான். நம் கடையிலும் அப்படித்தான். அந்த ஒரு நம்பிக்கை போய்விட்டால் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தான் பொழுது சரியாக இருக்கும். அதனால்தான் டப்பாவில் கை வைத்தான் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் இந்த ரோட்டில் அவனை எந்தக் கடையும் சேர்க்காது. பாலக்கோடு ரோட்டில் அப்போது ஆறு கடைகள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஆறுக்கும் செய்தி போய்விட்டது. ஆரோக்கியம் ஓசூர் பஸ் பிடித்தது அப்படித்தான்.

குறும்பு செய்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று நான் உனக்கு அடிக்கடி சொல்லியிருக்கிறேன். உதாரணமாக உன் காதுகுத்து. உன் மாமா உன்னை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தார். சீர் கொண்டுவந்தவருக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும் அல்லவா. தங்க நிறப் பூச்சு போட்ட முக்கோண இன்சர்ட் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, பெங்களூரில் வாங்கிய டாலர் என்று அவர் கழுத்தில் போட்டுவிட்டேன். அவர் அதை மார்பில் வெளியே தெரியும்படி எடுத்துவிட்டுக்கொண்டு பந்தியில் மோர் ஊற்றினார். மத்தியானமே சந்தேகம் வந்து, எத்தனை காரட் என்று கேட்கப் பாலக்கோட்டில் நகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் உரைகல்லில் உரசினார். தங்கத்தின் கோடு கல்லில் விழவில்லை, கல்லில் பள்ளம்தான் விழுந்தது. இரும்பையே சீவுகிற துண்டுக்கு உரைகல் எம்மாத்திரம். கல்லுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போ என்று கடைக்காரர் மாமாவின் சட்டையைப் பிடிக்க, ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் ஒப்புக்கொண்டு, கல்லுக்கும் பதில் சொல்லி, மாமாவைச் சைக்கிளில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் பேசவில்லை, பிறகு அவரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். குறும்பு செய்தவன் பொழுது சாய்வதற்குள் ஒப்புக்கொண்டுவிட வேண்டும், மாட்டியவனும் கூடச் சிரிக்க வேண்டும். இதுதான் சட்டம். சட்டம் போட்டவனே மீறிய கதைக்குத்தான் இனி வருகிறேன்.

அதற்கு முன் உன்னைப் பற்றி ஒன்று. உனக்குப் பத்து வயதிருக்கும். நாம் சொந்தமாக லேத்துப் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உலகத்திலேயே கெட்டியான சாமான் இதுதான் என்று நான் பீற்றிக்கொண்டதை நம்பி, புது இன்சர்ட் ஒன்றைத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தாய். கெட்டிதான், ஆனால் அடி தாங்காது என்பதை நான் சொல்லவில்லை. கண்ணாடி மாதிரி தெறித்தது. நான் டீக் கடைக்குப் போயிருந்தேன். நீ துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கிக்கொண்டு டீக் கடைக்கே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கு முன்னால், "நான்தாம்ப்பா ஒடைச்சேன்" என்று நீட்டினாய். ஒரே ஒரு இன்சர்ட். அதை ஒப்புக்கொள்ள உனக்கு நடந்து வருகிற நேரம்தான் ஆனது. நான் உன் தலையைத் தடவினேன், நாலு பேரும் பையன் நல்ல பையன் என்றார்கள். அன்றைக்கு நான் பாதி டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியம் வெளியே போனதும், பீடிக்குத் தீப்பெட்டி வாங்கி வருகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். நான் பீடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது என்பதை நீ கவனிக்கவில்லை. அவர் புளியமரத்தடியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் தெரியாமல் பேசிவிட்டான் என்றேன்.

"பையன் மேல தப்பு இல்லீங்கண்ணா. காதுல விழுந்ததைத்தான் சொல்லுது. யாரு சொல்லி விழுந்துச்சு?"

நான் அவர் முழங்காலைப் பற்றி விசாரித்தேன். அவர் பேச்சை அந்த நாளுக்குத் திருப்பினார். அந்த இன்சர்ட்டை அன்றைக்குக் கழற்றிய கை தன்னுடையதுதான், முதலாளி பிடுங்குவதற்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். இன்சர்ட் மேல் சுருளை ஒடிப்பதற்காக ஒரு பள்ளம் இருக்கும், உனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் சிவப்பு ஒட்டியிருந்தது என்றார். தின்னர் போட்டுத் துடைத்தவர் மேலே மட்டும் துடைத்திருக்கிறார், பள்ளத்தை விட்டுவிட்டார். யார் டிராயரில் தின்னர் இருக்கும் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துமா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க காதை நம்புன மொதலாளி, என் வாயை நம்பியிருப்பாருங்களா?"

பாலக்கோடு பஸ் வந்தது. எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். "உங்ககிட்ட ஒண்ணும் கேக்க வரலீங்க. உங்க பையன்கிட்ட வேலை கேக்கத்தான் வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிற குரலில்தான் சொன்னார்.

ஆமாம் தம்பி. நான்தான் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பழைய டப்பாவிலிருந்து நாலு மூலையும் ஓடிய ஒன்றை எடுத்து, பொட்டுகளைத் தின்னரால் துடைத்து, தேய்ந்து வெளுத்த ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் மை பூசி, புது டப்பாவின் முதல் குழியில் படுக்க வைத்தேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் அவ்வளவு பொறுமையாக மை வைத்திருக்கமாட்டார்கள். ஆரோக்கியம் நல்ல ஆபரேட்டர், அதனால் அவன் ஏமாறுவதைப் பார்க்க ஆசை. அந்தக் காலத்தில் அவனை வாடா போடா என்றுதான் பேசுவேன். ஷாஃப்டில் கோடு விழும், அவன் முழிப்பான், நான் போய் முதுகில் தட்டி உண்மையைச் சொல்வேன், அன்றைய டீ என் செலவு. திட்டம் அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வருவார் என்று எனக்குத் தெரியாது. மெஷின் நின்றபோது முதலாளியும் இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் நின்றார்கள். என்ன ஆச்சு என்று முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சத்தத்துலயே தெரிஞ்சுதுங்க" என்று வந்தது.

டப்பாவைக் கொட்டியபோதும் சொல்லியிருக்கலாம். திருட்டு என்ற வார்த்தை வந்தபோதும் சொல்லியிருக்கலாம். சாயந்திரம் அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும் வரை எனக்கு நேரம் இருந்தது. நாளைக்குக் காலையில் முதலாளியைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் முதலாளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நீதான் சூப்பர்வைசர் என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் கேசரி கிளறினாள். உனக்கு அப்போது ஐந்து வயது, கிண்ணத்தை நக்கிக் கொடுத்தாய். அப்புறம் எப்படிச் சொல்வது. சில வருஷம் கழித்துச் சொந்தமாகக் கடை போட்டபோது, அந்த ஓசூர் கம்பெனிதான் "காதுக்காரருக்கே கொடுங்க" என்று முதல் ஆர்டரை அனுப்பியது. இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கும் மேஜை, அதன் மேல் நீ மூடித் தள்ளிய ஃபைல், எல்லாம் அந்தக் காதின் மேல்தான் நிற்கின்றன. மனிதன் ஊருக்கு ஒரு தடவை காது குத்தலாம், நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு சபை விடாமல் குத்தினேன்.

இப்போது உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டிய இடம், சொல்ல எனக்குத் தகுதியில்லாத இடமும் இதுதான். ஆனாலும் சொல்கிறேன். பரிதாபப்பட்டு அவருக்கு வேலை கொடுக்காதே. அது அவருக்கு வேண்டாம், முழங்காலுக்கே கை கொடுக்கவிடாத மனிதர். நம் பாவத்தைக் கழிக்கவும் கொடுக்காதே, அந்தப் பாவம் உன்னுடையது இல்லை. நீ இன்னொரு கடைக்காரனாக இருந்து, அவருடைய ஃபைலை மட்டும் பார்த்து, கதை எதுவும் காதில் விழாதவனாக இருந்தால் என்ன செய்திருப்பாயோ அதைச் செய். ஸ்டெயின்லஸ் துண்டு ஒன்றைக் கொடுத்து மெஷினில் நிற்கவை. கிருஷ்ணகிரிப் பையனையும் நிற்கவை. வேலையைப் பார்த்து எடு. ஆனால் அதற்கு முன், மாரண்டஹள்ளியில் சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, நீ பேசிய அந்த ஒரு வரிக்காக நீ போக வேண்டும். மற்ற எல்லாவற்றுக்காகவும் நானும் வருகிறேன், பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வண்டியை நீ ஓட்டு. நான் ஓட்டினால் வழியில் எங்காவது டீ குடிக்க நிறுத்திவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், நாளைக்கே போவோம். குரூப்பில் இதைப் படிப்பவர்கள், இனிமேல் எந்தக் கல்யாணத்திலும் அந்தக் கதையைக் கேட்க வேண்டாம். கேட்டால், அதை ஆரோக்கியத்தின் பெயரோடு, நடந்தபடி சொல்வேன். வெற்றிலை போடும் நேரத்துக்கு அது நன்றாக இருக்காது.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்றைப் பாக்கி வைத்திருக்கிறேன். இதை மறைத்துவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன், ஏனென்றால் திருட்டுப்பழி போட்டதை ஒப்புக்கொள்வதைவிட இது வெட்கமாக இருக்கிறது. டப்பாவில் நான் வைத்தது ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சத்தத்தையாவது உண்மையில் கேட்டாயா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. வாசலில் என் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் வெடித்திருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்காது. மெஷினுக்கு முதுகு காட்டியும் நிற்கவில்லை, எப்போது முழிப்பான் என்று அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான், கண்ணை மூடினான், கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் நான் "நிறுத்து" என்று கத்தினேன். "நானேதான் நிறுத்துனேங்க" என்று அவன் சொன்னான். "ஆமா, இப்பச் சொல்லு" என்று நக்கலாகச் சிரித்தார் முதலாளி. தேய்ந்த முனை எப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இத்தனை வருஷம் நம் கடையில் இத்தனை பீஸுக்கு ஒரு முனை என்ற கணக்கில், மெஷின் திரையில் ஓடும் பீஸ் எண்ணிக்கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முனை மாற்றச் சொல்லி வந்தேன். சொல்வதற்கு முன் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவேன் அல்லவா, அது ஆரோக்கியத்தைப் பார்த்துப் படித்தது.